சாதுவான கட்டி

"தாயே, சந்தேகத்தை எப்படி விடறது?"

"எதச் சந்தேகப்படுதீர்?"

"எல்லாத்தையும். இப்ப உங்களையும்."

மெய்யம்மைத் தாயார் சிரிக்கவில்லை. கோபிக்கவும் இல்லை. எதிரே விரித்திருந்த பாயை எடுக்கச் சொன்னார். தம் இருக்கைக்குப் பக்கத்தில், கை நீட்டினால் தொடும் தூரத்தில், அதை விரிக்கச் சொன்னார்.

"அங்கன இருந்து சந்தேகப்படும். தூரத்துல இருந்தா சரியாத் தெரியாது."

இப்படித்தான் டாக்டர் பொன்னுரங்கத்துக்கு அந்த மடத்தில் இடம் கிடைத்தது.

*

பொன்னுரங்கம் வட ஆற்காட்டுக்காரர். அரசு ஆஸ்பத்திரியில் பொது மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர்.

குடிக்கவில்லை என்று சொல்கிறவனின் வாயை முகர்ந்து பார்ப்பார். மாத்திரையை ஒழுங்காகப் போட்டேன் என்கிறவளிடம் அட்டையை வாங்கிப் பார்ப்பார். அந்தத் தொழிலுக்கு அது வேண்டியிருந்தது.

தொழில் முடிந்தது. பழக்கம் முடியவில்லை. மகன் போனில் "நல்லா இருக்கேன்ப்பா" என்றால், வார்த்தையை விட்டுவிட்டுக் குரலைக் கேட்டார். பக்கத்து வீட்டில் பாயசம் கொடுத்தனுப்பினால், என்ன காரியம் ஆகவேண்டுமோ என்று யோசித்தார். கடைசியில் தம்மோடு தாம் இருப்பதே அவருக்குப் பிடிக்காமல் போயிற்று.

தென்காசிக்கு மேற்கே, மலையடிவாரத்தில் ஒரு தாயார் இருக்கிறார், அதிகம் பேசமாட்டார், பக்கத்தில் இருந்தாலே மனம் அடங்கிவிடும் என்று யாரோ சொன்னார்கள். ரயில் ஏறி வந்துவிட்டார்.

வந்த இடத்தில் அவர் முதலில் பார்த்தது 'நிலை'யை.

தாயாருக்கு எழுபது வயது கடந்திருந்தது. காலையில் மண்டபத்தில் உட்கார்ந்து, வரிசையாக வந்து விழுந்து கும்பிடுகிறவர்களின் நெற்றியில் குனிந்து திருநீறு பூசுவார். குனிந்து நிமிரும்போது சில நாள் அவர் கண் மேலே செருகும். உடம்பு ஒரு பக்கமாகச் சாயும்.

"தாயார் நிலைக்குப் போயிட்டாக!"

சாமியோடு கலந்துவிட்டார் என்று கூட்டம் கை கூப்பும். யாரோ பாட ஆரம்பிப்பார்கள். பெண்கள் தாங்கிப் பிடித்துப் படுக்க வைப்பார்கள். சற்று நேரத்தில் தாயார் கண் திறப்பார். எதுவும் சொல்லமாட்டார்.

நிலை வரத் தொடங்கிய பிறகு கூட்டம் பெருகியது. மடத்துக் காரியங்களைப் பார்த்துக்கொள்ளும் ஆவுடையப்பன், இன்னொரு மண்டபம் கட்டக் கல் இறக்கியிருந்தார்.

பொன்னுரங்கம் கல்லைப் பார்த்தார். தாயாரைப் பார்த்தார். நடிப்பு என்று மனதுக்குள் முடிவு கட்டினார்.

*

அடுத்த முறை நிலை வந்தபோது கூட்டம் முழுக்கக் கண்ணை மூடிக் கும்பிட்டது. பொன்னுரங்கம் மூடவில்லை.

தாங்கிப் பிடிக்கிறவர் போலத் தாயாரின் கையை எடுத்தார். நகக்கண்ணை அழுத்தினார். வலிக்கட்டும் என்றே அழுத்தினார். நடிக்கிற எவரும் அந்த வலிக்குக் கையை உருவிக்கொள்வார்கள்.

தாயாரின் கை அசையவில்லை.

குனிந்து முகத்தைப் பார்த்தார். நெற்றியில் குளிர்ந்த வியர்வை. உதடு நீலம் பாரித்திருந்தது. உதட்டை நீலமாக்கி நடிக்க யாராலும் ஆகாது.

படுக்க வைத்தார்கள். உதட்டில் நிறம் திரும்பியது.

பொன்னுரங்கத்தின் சந்தேகம் அந்த இடத்தை விட்டு விலகி, வேறொரு இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

அன்றுமுதல் வேறு கண்ணால் பார்த்தார். தாயார் இளைத்துக்கொண்டே வந்தார். நோன்பு என்றார்கள். சாயங்காலமானால் மேல் சுட்டது. தவத்தின் சூடு என்றார்கள். குளத்தடி வரைக்கும் நடந்தால் மூச்சு வாங்கியது. பிராணன் மேலே ஏறுகிறது என்றார்கள். விரல் நுனிகளில் சிவப்புப் புள்ளிகள் வந்திருந்தன. ஒரு அம்மாள் அந்த விரல்களைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

எதைக் கேட்டாலும் ஒரு புனிதமான பதில் கையோடு இருந்தது. அது அவருக்கு உறுத்தியது.

ஆவுடையப்பனைத் தனியே பிடித்தார்.

"தாயாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகணும்."

"எதுக்கு?"

"இதயத்துல ஏதோ இருக்குற மாதிரி தெரியுது."

ஆவுடையப்பன் சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"டாக்டரய்யா, ஒங்கள இங்க யாரு அனுப்புனா?"

"யாரும் அனுப்பல."

"முன்னால இப்படித்தான் ஒருத்தன் பக்தன்னு சொல்லிக்கிட்டு வந்து தங்குனான். வயிறாரச் சாப்பிட்டான். ஊருக்குப் போயி, தாயாருக்கு வலிப்புன்னு பத்திரிகையில எழுதுனான். நீங்க அன்னைக்கு நகத்த அமுக்குனத நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

ஆவுடையப்பனே மேலே சொன்னார்.

"டவுன்ல பெரிய டாக்டரு பாத்தாச்சு. வயசாச்சு, தலை சுத்தத்தான் செய்யும்னுட்டாரு."

"அப்ப அது தலைசுத்தலா? நிலை இல்லையா?"

ஆவுடையப்பனின் முகம் கறுத்தது.

"சாயங்காலம் ஒங்க ஊரு ரயிலுக்கு பஸ்ஸு இருக்கு" என்றார்.

*

பையை எடுத்துக்கொண்டு விடைபெறப் போனார். தாயார் தம் அறையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வேறு யாரும் இல்லை.

"பையத் தூக்கிட்டீரே. சந்தேகம் தீந்துட்டோ?"

"தீரல. மாறிப்போச்சு."

"எப்படி?"

"முதல்ல நீங்க நடிக்கிறீங்களோன்னு சந்தேகப்பட்டேன். இப்ப நீங்க நடிக்கலையோன்னு சந்தேகப்படறேன்."

தாயார் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பொன்னுரங்கம் பையைக் கீழே வைத்தார். "நிலையில என்ன தெரியுது, தாயே?"

"இத இதுவரைக்கும் யாரும் எங்கிட்ட கேக்கல. என்ன தெரிஞ்சிருக்கும்னு அவங்களே பேசிக்கிடுதாக."

"என்ன தெரியுது?"

"ஒண்ணுந் தெரியாது. நெஞ்சுக்குள்ள தொப்புன்னு ஒண்ணு விழும். கெணத்துல வாளி விழுந்தாப்பல. பொறவு இருட்டு. முழிச்சுப் பாத்தா எல்லாரும் அழுதுக்கிட்டுக் கும்பிடுதாக."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரே சொன்னார். "மொதத் தடவ சாமி வந்து எடுத்துக்கிட்டாருன்னுதான் நானும் நெனச்சேன். அடுத்த தடவ வாந்தி வந்துட்டு. சாமி வந்தா வாந்தியும் வருமான்னு அன்னைக்கே எனக்குச் சந்தேகம்."

"வெளியில சொல்லலையா?"

"சொன்னேன். தாயாருக்கு எம்புட்டு அடக்கம் பாருங்கன்னுட்டாக."

பொன்னுரங்கத்துக்குச் சிரிப்பு வந்தது. தாயாருக்கு வரவில்லை.

"பையில கொழா வச்சிருப்பீரே. எடும்."

அவர் ஸ்டெதஸ்கோப்பை எடுத்தார். மார்பில் வைத்துக் கேட்டார். கண்ணை மூடிக் கேட்டார்.

தாழ்ந்த உறுமல் ஒன்று. மரப்பாலத்தின்மேல் பாரவண்டி போவது போல. அதற்கு முன்னால், மெத்தென்று ஏதோ விழுகிற ஓசை.

அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. வெகு நாளாயிற்று, அப்படி ஒரு வெளிச்சம் வந்து.

"வால்வு சுருங்கியிருக்கு. சின்ன வயசுல மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்திருக்கும். அதோட மிச்சம் இது."

"நிச்சயமா?"

"நிச்சயம். இந்தச் சத்தத்தை எத்தனையோ நெஞ்சுல கேட்டிருக்கேன்."

தாயார் மெல்லச் சரிந்து, பாயில் மல்லாந்து படுத்தார்.

"இப்பக் கேளும்."

கேட்டார். இடம் மாற்றி வைத்துக் கேட்டார். குழாயைத் தட்டிப் பார்த்தார். காதில் செருகியதைக் கழற்றி மறுபடி செருகினார்.

உறுமல் இல்லை. விழுகிற ஓசையும் இல்லை. எந்தக் குறையும் இல்லாத நெஞ்சு ஒன்று அமைதியாகத் துடித்துக்கொண்டிருந்தது.

"உட்காருங்க, தாயே."

உட்கார்ந்தார். சற்று நேரத்தில் வண்டி மறுபடி பாலத்தில் ஏறியது.

"படுங்க."

படுத்தார். போய்விட்டது.

"நிச்சயம் எங்கன போச்சு?" என்று படுத்தபடியே தாயார் கேட்டார்.

பொன்னுரங்கம் குழாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். சுருங்கிப்போன வால்வு, படுத்தால் விரியாது. உட்கார்ந்தால் வாசலுக்கு வந்து நிற்கிற, படுத்தால் விலகிக்கொள்கிற ஏதோ ஒன்று உள்ளே இருந்தது.

"உள்ளே என்னமோ நகருது. என்னன்னு எனக்குத் தெரியல, தாயே."

தாயார் எழுந்து, கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"கெளம்பலாம்" என்றார்.

*

திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்கு ஆவுடையப்பனும் வந்தார். காரின் முன்சீட்டில் உட்கார்ந்து, வழி நெடுக ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார்.

இதய மருத்துவர் ஜெசிந்தாவுக்குப் பொன்னுரங்கத்தின் மகன் வயது இருக்கும். இருட்டிய அறையில் தாயாரைப் படுக்கவைத்து, மார்பில் பசையைத் தடவி, எக்கோ கருவியை வைத்து அழுத்தினார். திரையில் இதயம் தெரிந்தது.

இதயத்தின் மேல் அறையில், நடுச்சுவரிலிருந்து ஒரு காம்பு. காம்பின் நுனியில் ஓர் உருண்டை. வால்வின் கதவு திறக்கும்போதெல்லாம் அது வாசலை நோக்கிச் சாய்ந்தது. கதவு மூடும்போது பின்வாங்கியது. மறுபடி சாய்ந்தது.

பொன்னுரங்கம் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார். படித்திருந்தார். நேரில் பார்த்ததில்லை.

"என்னம்மா அது?" என்றார் தாயார்.

"கட்டி, பாட்டிம்மா."

பாட்டிம்மா என்றதும் ஆவுடையப்பன் தொண்டையைச் செருமினார். ஜெசிந்தா கவனிக்கவில்லை.

"கேன்சரா?"

"பார்த்தா அப்படித் தெரியல. இது சாதுவான கட்டி. வேற எடத்துக்குப் பரவாது."

"சாதுவா?" தாயார் திரையின் பக்கம் தலையைத் திருப்பினார். உருண்டை சாய்ந்தது, எழுந்தது. "வாசல அடைச்சுக்கிட்டுல்லா இருக்காரு, இந்தச் சாது."

பொன்னுரங்கத்துக்கு மனம் ஒப்பவில்லை. "உறைஞ்ச ரத்தமா இருந்தா? மருந்துலயே கரைஞ்சிடுமே."

"எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்துச்சு சார். ஆனா நாடி தாறுமாறா ஓடுனாத்தான் பெரும்பாலும் உள்ள ரத்தம் உறையும், இவங்களுக்கு ஒரே சீரா இருக்கு. ரத்தம் உறைஞ்சா பெரும்பாலும் பின்சுவர்ல, மூலையில ஒட்டிக்கிட்டுக் கெடக்கும். இது நடுச்சுவர்ல காம்பு போட்டுத் தொங்குது."

"அப்ப நிச்சயமா?"

"வெட்டி எடுத்து மைக்ராஸ்கோப்புல பாக்குற வரைக்கும் அந்த வார்த்தைய நான் சொல்லமாட்டேன், சார்."

பொன்னுரங்கத்துக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போயிற்று.

"எடுக்காம விட்டா?" என்று கேட்டது ஆவுடையப்பன்.

"ஒரு நாள் வாசல்லயே மாட்டிக்கும். இல்லாட்டி துணுக்கு உடைஞ்சு மூளைக்குப் போகும். விரல்ல புள்ளி இருக்கு பாருங்க, பொடித்துணுக்கு இப்பவே போய்க்கிட்டிருக்கோன்னு நெனைக்கிறேன். இளைப்பு, காய்ச்சல், மயக்கம் எல்லாத்துக்கும் இது ஒண்ணே காரணமா இருக்கலாம். வயசானவங்கன்னா எல்லாப் பழியையும் வயசு மேல போட்டுடறாங்க."

வெளியே வராந்தாவில் ஆவுடையப்பன் பொன்னுரங்கத்தின் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஆஸ்பத்திரிக்காரங்க ஆப்பரேசன்னுதான் சொல்லுவாங்க. அந்தப் படத்துல தெரிஞ்சது தாயாரோட நெஞ்சுதான்னு நமக்கு எப்படித் தெரியும்? வேற எவனோட நெஞ்சையாவது போட்டுக் காட்டுனா?"

"நீங்களும் கூடவே நின்னு பாத்தீங்களே."

"பாத்தா? பாத்ததெல்லாம் நெசமா?"

அவர் பிடி இறுகியது. பொன்னுரங்கம் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

"எம் பொண்டாட்டி போன வருசம் தவறிட்டா. மறுநாளே தாயாருக்கு நிலை வந்துது. அவள அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுட்டு வந்திருக்காகன்னு நான் நெனச்சுக்கிட்டேன், டாக்டரய்யா. தாயார் சொல்லல. நானா நெனச்சுக்கிட்டேன். அதுல ஒரு ஆறுதலு."

பொன்னுரங்கத்தின் மனதில், மண்டபத்துக் கல்லைப் பார்த்து இந்த மனுஷனை என்னவெல்லாம் நினைத்தோம் என்று மட்டும் ஓடியது.

கதவருகே தாயார் நின்றிருந்தார். எவ்வளவு கேட்டாரோ தெரியாது.

"டாக்டரே, அத எடுத்துட்டா நிலை வருமா?"

"வராது, தாயே."

தாயார் ஆவுடையப்பனைப் பார்த்தார். ஆவுடையப்பன் தரையைப் பார்த்தார்.

"எடுத்துரச் சொல்லும்" என்றார் தாயார்.

*

அறுவை சிகிச்சைக்காக மதுரைக்குப் புறப்படுமுன் தாயார் மண்டபத்தில் எல்லாரையும் கூட்டச் சொன்னார்.

"எனக்கு வந்தது நிலை இல்ல. நெஞ்சுல கட்டி. இந்த டாக்டரு கண்டுபிடிச்சாரு. ஆப்பரேசனுக்குப் போறேன்."

முன்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்தார்.

"தாயார் நம்மளச் சோதிக்காக!"

கைகள் எல்லாம் தலைக்குமேல் குவிந்தன.

"சோதிக்கல. கட்டிதான்" என்றார் தாயார்.

"நம்ம நோவையெல்லாம் தாயார் தன் நெஞ்சுல வாங்கிக்கிட்டாகளே!" என்று ஒரு பெண் கதறினாள்.

அழுகையும் பாட்டும் ஒன்றாக எழுந்தன. அப்புறம் ஒவ்வொரு முகமாகப் பொன்னுரங்கத்தின் பக்கம் திரும்பியது. இந்த ஆள் வந்து தாயார் பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதானே இதெல்லாம் என்று யாரோ முணுமுணுத்தார்கள். என்ன மருந்தைக் கொடுத்தாரோ என்றார் இன்னொருவர்.

மத்தியானப் பந்தியில் அவருக்கு இலை போட்டார்கள். அவருக்கு இரண்டு பக்கமும் யாரும் உட்காரவில்லை.

காரில் ஏறியதும் தாங்காமல் சொன்னார். "உண்மையைச் சொன்னீங்க. ஒருத்தர்கூட நம்பல."

"ஒருத்தரு நம்பிட்டாரு."

தாயார் ஜன்னல் வழியே கை காட்டினார். ஆவுடையப்பன் கொத்தனார்களிடம் பேசிக்கொண்டிருந்தார். அவர்கள் சாமான்களை எடுத்துக்கொண்டு வெளியே போனார்கள். அவர் இறக்கி வைத்த கல்மேல் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார்.

பிறகு எழுந்து வந்து, காரின் முன்சீட்டில் ஏறிக்கொண்டார்.

*

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அறுவை நிபுணர் வெளியே வந்து, ஒரு கிண்ணத்தில் அதைக் காட்டினார்.

நுங்குச் சுளை போல இருந்தது. வழவழவென்று, கலங்கிய நிறத்தில், ஓரத்தில் கொஞ்சம் ரத்தத்தோடு.

"இதுவா?" என்றார் ஆவுடையப்பன்.

"இதுதான்."

"இதையா நான் கும்பிட்டேன்?"

நிபுணருக்கு விளங்கவில்லை. கிண்ணத்தைப் பரிசோதனைக்கு எடுத்துப் போய்விட்டார். ஆவுடையப்பன் பெஞ்சில் உட்கார்ந்து சத்தமாக அழுதார். மனைவி இறந்தபோது அழாத அழுகை அது என்று பின்னால் அவரே சொன்னார். பொன்னுரங்கம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

பரிசோதனையில் புற்று இல்லை என்று வந்தது. பொன்னுரங்கம் அதை இன்னொரு இடத்திலும் காட்டிப் பார்த்தார். அங்கேயும் இல்லை என்றார்கள்.

*

தாயார் மடத்துக்குத் திரும்பினார். உடம்பு தேறியது. சாயங்காலச் சூடு போயிற்று. குளத்தடிக்குப் போய் மூச்சு வாங்காமல் திரும்பினார். குனிந்து திருநீறு பூசினார். நிமிர்ந்தார். அடுத்தவருக்குப் பூசினார்.

கூட்டம் கொஞ்சங்கொஞ்சமாகக் கலைந்தது. பக்கத்து ஊரில் முள்மேல் படுக்கிற ஒரு சாமியார் வந்திருப்பதாகப் பேச்சு. பாதிப்பேர் அங்கே போனார்கள். மிச்சம் இருந்தவர்களுக்குப் பழைய மண்டபமே போதுமானதாக இருந்தது.

பொன்னுரங்கம் போகவில்லை. ஆனால் அவருக்கு நிம்மதி வந்ததா என்றால், அதுவும் இல்லை. அபூர்வமாக இந்தக் கட்டி மறுபடி முளைப்பதுண்டு என்று அவருக்குத் தெரியும். தாயார் குனிந்தால் அவர் உடம்பு விறைத்தது. தாயார் நிமிர்ந்தால் உதட்டைப் பார்த்தார். இருமினால் காதைத் தீட்டிக்கொண்டார்.

ஒரு காலையில் மண்டபத்தில் அவர்கள் இருவர் மட்டும் இருந்தார்கள். தாயார் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். வெயில் ஏறித் தூணைத் தாண்டி வந்துவிட்டது. தாயார் அசையவில்லை.

மூச்சு வந்து போவதாகத் தெரியவில்லை. புடவைத் தலைப்பு மேலே எழவில்லை.

"தாயே."

பதில் இல்லை.

"தாயே!"

பொன்னுரங்கம் பதறி எழுந்து, அவர் மணிக்கட்டைப் பற்றி அழுத்தினார். துடிப்பு இருந்தது. தெளிவாக, பலமாக இருந்தது. அவருக்குப் போன உயிர் வந்தது.

தாயார் கண்ணைத் திறக்கவில்லை.

"துடிக்குதா?"

"துடிக்குது, தாயே. நல்லாத் துடிக்குது. கொஞ்சம் வேகமா இருக்கு."

"யாரோடது?"

பொன்னுரங்கம் குனிந்து பார்த்தார்.

நாடி பார்க்கும்போது கட்டைவிரலை வைக்கக் கூடாது. வைத்தால், வைத்தவனின் துடிப்பே அவனுக்குத் தெரியும். வைத்தியம் படிக்க வருகிறவர்களுக்கு எடுத்த எடுப்பில் சொல்லித்தருகிற பாடம் அது.

தாயாரின் மணிக்கட்டில் அழுந்தியிருந்தது அவருடைய கட்டைவிரல்.